நடையும் கோடும்

ஓர் அழகிய பொருளைக் கவராமல் அதன் அழகை மட்டும் பெற இயலுமா? இவ்வினா தூத்துக்குடிக் கடற்கரைக்கு மிகவும் உரியது.

பாண்டியரின் கொற்கை முத்து கடல் கடந்தும் புகழ்பெற்றது. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான ‘பெரிப்புளூஸ்’, அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகக் கூறுகிறது. சிப்பிகளைக் கரையில் குவித்து, அவை அழுகிய பின்னரே முத்தைத் தேடுவர். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது. சிப்பியை ஈரறிவுயிர் என வகுப்பது நம் ஆகமம். தொல்காப்பியமும் அவ்வாறே வகுக்கிறது. ஒரு முத்துக்காக மாண்ட உயிர்கள் எத்தனை! 1961-க்குப் பின் இக்கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று.

இதே மாவட்டத்தின் உட்பகுதியில், கோவிற்பட்டிக்கு மேற்கே கழுகுமலை நிற்கிறது. அங்கே எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கினர். செய்வித்தோர் பெயர்கள் அவற்றின் கீழ் வட்டெழுத்தில் உள்ளன. இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறாலாகிய திருச்சாரணத்துக் குரத்தியாரும் அவர்களுள் அடங்குவர். ஊர்தி ஏறாத துறவியர் அத்தனை தொலைவையும் நடந்தே கடந்திருப்பர்; அதுவும் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, சிற்றுயிர் மிதிபடாதவாறு அடிவைக்கும் ஈரியா சமிதியுடன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் குடும்பத்துடன் அம்மலைக்குச் சென்றோம். உடன்வந்த உறவினர் மகள் ஓவியம் பயில்பவள். அவள் பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, பாறை வெடிப்பையும் எறும்புச் சாரையையும் வரைந்தாள். வெயில் ஏறுகிறதென்று நாம் கடிந்துகொண்டோம். அம்பிகை யக்ஷியின் உருவத்தை நாம் விரைந்து நிழற்படம் எடுத்துத் திரும்பினோம். அவளோ அதன்முன் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தாள். இறங்கும்போதுதான் அந்த எறும்புச் சாரையை நாம் கண்டோம். ஏறும்போது அதை மிதித்தோமா? நம்மால் விடை சொல்ல இயலவில்லை. அவளால் இயன்றது.

1967-இல் ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்ட் லாங், புல்வெளியில் முன்னும் பின்னும் நடந்து ஒரு கோட்டை உண்டாக்கி, அதைப் படமெடுத்துக் கலைப்படைப்பாக்கினார். நடையே கலையாகும் என்பது நல்ல எண்ணமே. ஆயினும் அப்புல்லும் அதிலிருந்த சிற்றுயிர்களும் என்னவாயின என்று நம் முனிவர் வினவுவர். நம் நாட்டு ஓவியர் ‘சில்பி’யோ, ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக ஊர் ஊராகச் சென்று, சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்தார். அவர் எடுத்துச் சென்றது கோடுகளை மட்டுமே. சிற்பம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஓவியத்தின்மீதும் பற்று எழாதோ எனில், எழும். இது என் படம் என்னும் செருக்கு எழுந்தால் அதுவும் பரிக்கிரகமே. ஆதலின் வரைவது தன்னளவில் அறமாகிவிடாது. அது நம் நடையைத் தாழ்த்தி, கண்ணை நிலத்தில் நிறுத்தி, எதிர்ப்படும் உயிரை உயிரென அறியச் செய்யுமாயின், அறத்திற்குத் துணையாகும்.

ஓருயிரையும் கொல்லாமல் கிட்டும் மணிகள் மூன்று: நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம். அடுத்தமுறை மலையேறுகையில் நம் பிள்ளைகள் கையில் ஒரு தாளும் எழுதுகோலும் கொடுப்போம். அவர்கள் நிற்குமிடத்தில் நாமும் நிற்போம்.