எலியும் ஓர் உயிர்தானே!



சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் இரை குறைந்து எலிகள் வீடுகளுக்கு வரும். தஞ்சைப் பக்கம் இது வழக்கம்தான். சென்ற ஆண்டு நம் தாங்கலில் தர்மத்துக்கு வைத்திருந்த அரிசி மூட்டையையே கடித்துவிட்டன. "அண்ணே, மருந்து வைத்துவிடலாமா?" என்று தம்பி ஒருவர் கேட்டார். உயிர்ப்பலி வேண்டாம் என்ற அய்யாவின் பிள்ளைகள் நாம். ஆனால் பசித்தவருக்கான அரிசியை எலிக்கு விடுவதும் தர்மமாகுமா?

நானும் ஒருமுறை வீட்டில் பசை அட்டை வைத்தவன்தான். அதில் ஒட்டிய சுண்டெலி விடியும்வரை கத்தியது. அன்று பணிவிடைக்கு நிற்கவே மனம் கூசியது. விஷம் இன்னும் கொடியது. விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் பூனையும் சாகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனித உயிர்களையும் குடித்ததால் தமிழக அரசே அதைத் தடை செய்தது. கூண்டில் பிடித்து வயலில் விடலாமே என்பார்கள். அது யாரோ ஒருவர் வயல். அங்கே மூங்கிலில் செய்த தஞ்சாவூர்க் கிட்டி காத்திருக்கும். பயிரைக் காக்கும் வயல்காரரைக் குறை சொல்லவில்லை. நம் வேலையை அவர் தலையில் கட்டுவது சரியா?

ஆக, எலி உள்ளே வந்தபின் நாம் எது செய்தாலும் ஓர் உயிர் வாடும். வராமல் தடுப்பதே இரக்கம்.

சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் சந்து போதும். எலிப்பல் வாழ்நாள் முழுதும் வளர்வதால் அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். துணி அடைத்தால் நிற்காது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்துச் சிமெண்டு பூசுங்கள். அடைக்குமுன் உள்ளே குட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கதவடியில் தகரம், சாக்கடைக் குழாய்க்குக் கம்பி வலை போடுங்கள். அரிசி, பருப்பை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். எச்சில் பாத்திரத்தை இரவே கழுவிவிடுங்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும் என்பதால் பிள்ளைகளுக்காகவும் இது அவசியம்.

வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த மக்களுக்குத் துவைத்து உடுத்துவதே தவமாக இருந்தது. அடுக்களையைச் சுத்தமாக வைப்பதும் அந்த வழிதான்.

தாங்கலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சந்துகளை அடைத்தோம். இந்த ஆண்டு மூட்டை கிழியவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. மருந்து கேட்ட தம்பிதான் முதலில் சிமெண்டு குழைத்தார்.

அய்யா துணை.