அடுக்கு ரோஜா

பெரும்பாலான காட்டு ரோஜாக்களுக்கு ஐந்தே இதழ்கள். நடுவில் மகரந்தத் தாள்கள் மஞ்சளாக அடர்ந்து நிற்கும். தோட்டத்து அடுக்கு ரோஜாவைப் பிரித்துப் பாருங்கள்: இதழ்கள் ஏராளம், தாள்கள் குறைவு. உள்ளே போகப் போகப் பாதி இதழும் பாதி தாளுமாக ஒன்றிரண்டு தட்டுப்படும். தாளாக வேண்டியதுதான் இதழாகியிருக்கிறது. ஜெர்மன் கவிஞர் கெதே 1790இல் எழுதிய தாவர நூலிலேயே இதைச் சொல்லிவிட்டார். காரணம் பிடிபட இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மொட்டுக்குள் எங்கே எந்த உறுப்பு வர வேண்டும் என்பதைச் சில புரதங்கள் தீர்மானிக்கின்றன. பிற மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் வல்ல இவற்றைப் படியெடுத்தல் காரணிகள் என்பார்கள். வெளிப்புறத்தில் ஏபி2 என்ற காரணி ஓங்கினால் புல்லியும் இதழும் உருவாகும். உட்புறத்தில் அகாமஸ் என்ற காரணி ஓங்கினால் தாளும் சூலகமும். ஆய்வாளர்கள் கோயனும் மேயரோவிட்ஸும் 1991இல் வகுத்த கணக்கு இது.

அப்படியானால் ஏபி2 ஏன் உள்ளே பரவுவதில்லை? கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியை ஆராய்ந்த ஷுவேமெய் சென் 2004இல் விடை தந்தார். ஏபி2 புரதத்தைச் செய்வதற்கான செய்தி பூவின் நடுவிலும் இருக்கிறது. ஆனால் அங்கே 21 எழுத்தே நீளமுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ 172 என்ற சிறு மூலக்கூறு, அந்தச் செய்தியின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாகாமல் நிறுத்திவிடுகிறது.

அடுக்கு ரோஜாக்களிலும் அடுக்குப்பூ பீச் மரங்களிலும் ஏபி2 குடும்பத்து மரபணு ஒன்றில் அந்த ஒட்டும் இடமே காணாமல் போயிருப்பதை 2018இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். மரபணு செத்துவிடவில்லை, முன்னைவிட மும்முரமாகவே உழைக்கிறது. "போதும்" என்று சொன்னால் அதைக் கேட்கும் இடம் மட்டும் அதனிடம் இல்லை. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து அப்படியொரு பிரதி வந்தாலே பூ அடுக்காகிவிடும்.

அந்த அழகைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மகரந்தம் தேடி வரும் தேனீக்கு அதில் கிடைப்பது சொற்பம். செடியையும் விதையை நம்பி விடாமல், பதியம் போட்டும் ஒட்டுக் கட்டியும் நாம்தான் பெருக்குகிறோம். தோட்டத்தில் இடமிருந்தால் அதன் பக்கத்திலேயே ஒற்றை இதழ்ப் பூச்செடி ஒன்றும் வையுங்கள்.