திரையில் இல்லாத பஞ்சமம்

என்னிடம் ஒலிக்கலவை பழக வரும் பிள்ளைகள், ஈக்வலைசரைத் திறந்ததுமே காதை விட்டுவிட்டுக் கண்ணை வேலைக்கு அனுப்புகிறார்கள். இடமிருந்து வலமாக 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. மேலும் கீழும் டெசிபல். நடுவே பூஜ்யத்தில் ஒரு கோடு. புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோடு மேடாகிறது, பள்ளமாகிறது. பாட்டு ஓடாதபோதும் அது அப்படியே நிற்கும். காரணம், ஒலிக்கு நாம் இட்ட கட்டளை மட்டுமே அதில் இருக்கிறது. பின்னால் துள்ளிக்கொண்டிருக்கும் அனலைசர்தான் ஓடுகிற ஒலியைப் பற்றிப் பேசுகிறது. அந்தச் சாட்சியும் கொஞ்சம் சோடிக்கப்பட்டதுதான். வழக்கமான பாட்டு கண்ணுக்குச் சமதளமாகத் தெரியட்டும் என்று ஆக்டேவுக்கு 4.5 டெசிபல் வீதம் படத்தைச் சாய்த்துக் காட்டும் மென்பொருளும் உண்டு.

தேவாரப் பதிவுக்கு வந்த ஓதுவார் ஒருவர் இந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டைச் சுருதி. ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமத்தில் அவர் நின்ற இடத்தை ஓடவிட்டேன்.

"தம்பி, இதுல என் பஞ்சமம் எங்க இருக்கு?"

98 ஹெர்ட்ஸில் எழும்பியிருந்த மேட்டைக் காட்டினேன். பிறகு 98-க்கும் 196-க்கும் நடுவே ஒரு ஹைபாஸ் ஃபில்டரைச் செங்குத்தாகப் போட்டேன். மேடு மறைந்தது.

"இப்பக் கேளுங்க ஐயா."

குரல் மெலிந்தது. பஞ்சமம் நின்ற இடத்திலேயே நின்றது.

"இல்லாதது எப்படிக் கேக்குது?"

மிஞ்சியிருப்பவை 196, 294, 392 என்று 98-இன் மடங்குகள். அவற்றைக் கொண்டே காது அடிச்சுரத்தைப் பிடித்துவிடுகிறது என்றேன். கைபேசியின் குட்டி ஸ்பீக்கரில் 98 ஹெர்ட்ஸ் பெயரளவுக்குத்தான் வரும். ஆனாலும் அதில் தேவாரம் கேட்பவருக்குச் சுருதி மாறிவிடுவதில்லை.

ஓதுவார் சிவஞான சித்தியார் பாடம் கேட்டவர். காட்சி, கருதல், உரை என்று அறிவுக்கு மூன்று அளவைகளைச் சித்தாந்தம் ஒப்புகிறது. அருணந்தி சிவாசாரியார் அதற்கென்றே நூலின் முற்பகுதியை ஒதுக்கியிருக்கிறார். "அப்ப இது கருதல். புகையைப் பார்த்து நெருப்புன்னு சொல்றோமே, அதுதான்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நெருப்பைக் கருதுபவன் முதலில் புகையைப் பார்க்கிறான். இங்கே 196-ஐயும் 294-ஐயும் தனித்தனியாகக் கேட்டவர் யார்? வாய்ப்பாடு தெரியாத குழந்தையும் அந்தச் சுரத்தைத்தானே திருப்பிப் பாடுகிறது?

இந்த வழக்கு ஜெர்மனியிலும் நடந்திருக்கிறது. 1841-இல் ஸீபெக் சைரனை வைத்து இதே புதிரைக் கிளப்பினார். ஓம் - பள்ளிக்கூட மின்தடை விதியின் அதே ஓம்தான் - அதைக் காதின் மயக்கம் என்று தள்ளினார். நம் மொழியில் சொன்னால் திரிபுக் காட்சி. ஹெல்ம்ஹோல்ட்ஸ், காதுக்குள்ளேயே அந்தத் தாழ்ந்த ஒலி உண்டாகிவிடுகிறது என்றார். 1954-இல் லிக்லைடர் அந்தத் தாழ்ந்த பகுதியை இரைச்சலால் மூடிப் பார்த்தார். சுரம் அப்போதும் கேட்டது.

திரிபு என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஃபில்டர் போட்ட பிறகும் அந்த அலை வினாடிக்கு 98 முறை தன்னையே திரும்பச் செய்துகொண்டுதான் இருக்கிறது. ஒலியைக் கால வரிசையில் வரைந்து பார்த்தால் இது தெரியும். அனலைசரிடம் நாம் கேட்பது வேறு: எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சக்தி? 98-இல் சக்தி இல்லை, எனவே அங்கே வெற்றிடம் காட்டுகிறது. அதன் பதில் சரியே. காது வேறொன்றைக் கேட்டுக்கொள்கிறது: இந்த அலை எத்தனை தடவை திரும்புகிறது? அதன் பதிலும் சரியே. உள்ள பொருளை உள்ளபடி, இடையில் வேறொன்றின் துணையில்லாமல் அறிந்தால் அதைக் கருதல் என்று ஏன் கீழிறக்க வேண்டும்? காட்சி என்பதே என் கட்சி.

ஓதுவார் ஐயா இன்னும் இறங்கி வரவில்லை. குழந்தையும் அறியாமலே கருதுகிறது என்கிறார். அறியாமல் செய்கிற கருதலுக்கு அளவை நூல்களில் இடம் உண்டா என்பதைச் சித்தாந்தம் முறையாகப் பயின்ற வாசகர்கள் எழுதினால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன்.