சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுபவர் யார்?



இன்றைக்கு அடுப்பங்கரையைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்ன ஹஜ்ரத், ஜும்ஆவில் பருப்பு விலையா?" என்று சிலர் நினைக்கலாம். ஸூரத்துல் பகராவின் 168-வது வசனத்தில் உணவைப் பற்றிச் சொல்லும்போது அல்லாஹ் ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறான். ஹலாலா என்று கறிக்கடையில் நின்று துருவித் துருவிக் கேட்கிறோம். தய்யிபா, அதாவது நல்லதா, உடலுக்கு ஆகுமா என்று கேட்பது குறைவு. வாரத்துக்கு இவ்வளவுதான் என்று எண்ணிக் கொடுக்கப்படும் காசில் அந்தத் தய்யிப் எப்படி வரும்? வராமல் போனால் யார் வயிறு முதலில் காய்கிறது?

மேலப்பாளையம், பேட்டை பக்கம் வாருங்கள். சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் நம் பெண்களுக்குக் கூலி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பீடிக்கடையில் கழிவு என்று ஒதுக்கியது போக மிச்சம் வருவதுதான் பல வீடுகளில் மளிகைக் காசு. இதன் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மனைவி, பிள்ளைகளின் உணவுச் செலவு கணவன் மீது கடமை. மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம். அதை அவள் வீட்டுக்குச் செலவழித்தால் அது அவள் செய்யும் உபகாரம்.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) அவர்கள், கணவருக்கும் தன் பராமரிப்பில் உள்ள அநாதைகளுக்கும் தான் செலவழிப்பது ஸதகாவாகுமா என்று பிலால் (ரலி) அவர்கள் மூலம் கேட்டு அனுப்பினார்கள். உறவைப் பேணிய கூலி, ஸதகாவின் கூலி என்று இரண்டு கூலி உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதில் தந்தார்கள். புகாரியில் இருக்கிறது. அப்படியானால் மனைவியின் பீடிக் காசில் வாங்கிய மீனின் நடுத்துண்டை முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிடும் கணவர், தான் யாருடைய ஸதகாவைச் சாப்பிடுகிறோம் என்று கொஞ்சம் யோசிக்கட்டும்.

சிக்கனம் சுன்னத்துதான். ஆனால் சிக்கனம் என்ற பெயரில் அடுத்தவர் தட்டில் குறைப்பது சிக்கனம் ஆகாது. டீக்கடை, சிகரெட், செல்போன் ரீசார்ஜ் எதிலும் குறைக்காமல், மளிகைக் காசில் மட்டும் கை வைப்பவரை மார்க்கம் கஞ்சன் என்றுதான் பார்க்கும். அபூ சுஃப்யான் (ரலி) அவர்கள் போதிய செலவு தருவதில்லை என்று அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, பொறுமையாக இரு என்று நபியவர்கள் சொல்லவில்லை. தனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் அவர் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். வீட்டாரின் சாப்பாடு அவர்களின் உரிமை என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

நம் வீடுகளில் உம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார். சட்டியில் குழம்பு மட்டும் இருக்கும். "எனக்குப் பசியில்லை வாப்பா" என்பார். இதைத் தியாகம் என்று புகழ்ந்து விட்டுவிடுகிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் கடைசிப் பந்தியும் அதில் ஒன்று என்பதை மறுக்க முடியுமா?

குறைந்த காசில் நல்ல சாப்பாடு நடக்கும் காரியம்தான். அரிசி ரேஷனில் இலவசம், 2011 ஜூன் முதல். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். இதை வாங்க வெட்கப்பட்டுக் கார்டைப் பூட்டி வைப்பவர்களும் உண்டு, வாங்கி வெளியே விற்பவர்களும் உண்டு. அந்த அரிசிதான் மூட்டை மூட்டையாகக் கேரளாவுக்குக் கடத்தப்படுகிறது. விற்பது கூடாது. வாங்கிச் சாப்பிடுவதில் எந்தக் கேவலமும் இல்லை.

நம் தாமிரபரணிக் கரைச் சமையலே ஏழைக்கு ஏற்றது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இருக்கிறதே, அரிசியில் குறைகிற சத்தைத் தொலி உளுந்து நிரப்பிவிடும். காணத் துவையல், சிறுபயறு, முருங்கைக்கீரை, விலை இறங்கும் நாளில் சாளை மீன். கீரை சாப்பிடும் நாளில் ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். டீயும் பன்னும் ஒரு நேரச் சாப்பாடு ஆகிவிட்ட வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு வாங்கித் தரும் பத்து ரூபாய்ப் பாக்கெட்டின் காசுக்கு ஒரு முட்டை வரும். வாரக் காசை எண்ணிச் செலவழிக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இது வாப்பாமார்களுக்காகச் சொன்னது.

இன்னொரு விஷயம், கொஞ்சம் கசக்கும். பசித்திருப்பவரிடம் போய், நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் மாதக்கணக்கில் அடுப்பு எரியவில்லையே என்று ஸப்ரு போதிக்கிறோம். அது உண்மை, பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நாட்கள் கழிந்ததை ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சரித்திரம் யாருக்கான பாடம்? ஹிஜ்ரி 18-ல் ரமாதா பஞ்சம் வந்தபோது, மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தொடமாட்டேன் என்று உமர் (ரலி) அவர்கள் இருந்துவிட்டார்கள். பசியைத் தலைவர் தன் மீது போட்டுக்கொண்டார். வயிறு நிறைந்தவர் காலி வயிற்றைப் பார்த்து அந்தச் சம்பவத்தைச் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே நாள் வலீமாவில் சஹன் சஹனாகப் பிரியாணியைக் கொட்டிவிட்டு, மறுநாள் பக்கத்துத் தெருவுக்கு ஸப்ரைப் பற்றிப் பயான் செய்வது அதைவிட மோசம். குழம்பில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன உபதேசம், குழம்பு வைத்திருப்பவருக்குச் சொன்னது.

மஹல்லாவில் உள்ள மளிகைக்கடைகளில் பற்று நோட்டு இருக்கிறது. சில வீடுகளின் பற்று ஏறிக்கொண்டே போவதால், அந்தத் தாய்மார்கள் கடைப்பக்கம் வரவே கூசுகிறார்கள். தொழுகை முடிந்ததும் முத்தவல்லி அவர்கள் ஒளூச் செய்யும் இடத்தருகே இருப்பார்கள். முடிந்தவர்கள் கொடுங்கள், பற்று அடைக்கப்படும். ஜகாத் பணத்தை இதில் சேர்க்க வேண்டாம். கடன்பட்டவரின் அனுமதியில்லாமல் அவர் கடனை அடைத்தால் ஜகாத் நிறைவேறாது. ஸதகாவாக மட்டும் தாருங்கள். யார் வீட்டுப் பற்று என்று கேட்காதீர்கள், கடைக்காரரும் சொல்ல மாட்டார்.