மாதம் ஒரு டாலர்

சம்பளம் மாதம் ஒரு டாலர். வேலை, துப்பாக்கியோடு வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது. படகு உங்களுடையது. இப்படி ஒரு வேலை கிடைத்தால் போவீர்களா?

ஒருவர் போனார். பெயர் பால் குரோகல். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில், செபாஸ்டியன் என்கிற ஊரில் படகு கட்டிக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலிருந்து பார்த்தால் உப்பங்கழிக்கு நடுவே ஒரு குட்டித் தீவு தெரியும். மொத்தமே ஐந்தரை ஏக்கர்தான். கூழைக்கடாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து அதில் கூடு கட்டும். அதனால் பெலிக்கன் தீவு என்றே பெயர்.

அந்தக் காலத்து அமெரிக்கச் சீமாட்டிகளுக்குத் தொப்பியில் இறகு இல்லாவிட்டால் கௌரவம் இல்லை. 1886-ல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவை ஆராய்ச்சியாளர் நியூயார்க் கடைத்தெருவில் நடந்தபடியே தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542-ல் பறவை இறகு! கொக்கின் இறகு தங்கத்தைவிட அதிக விலைக்குப் போனது. சும்மா இருப்பார்களா? சுட்டுத் தள்ளினார்கள். இறகுக்காகச் சுட்டவர்கள் பாதி என்றால், படகில் போகிறபோது பொழுதுபோகாமல் சுட்டவர்கள் மீதி.

1903 மார்ச் 14 அன்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஒரு கையெழுத்துப் போட்டு, அந்தத் தீவைப் பறவைகளுக்கான காப்பிடம் என்று அறிவித்தார். அமெரிக்காவின் தேசிய வனவிலங்கு சரணாலயங்கள் எல்லாம் அந்தக் கையெழுத்திலிருந்து பிறந்தவைதான். ஆனால், ஒரு சிக்கல். காவலுக்கு என்று நாடாளுமன்றம் ஒரு காசுகூட ஒதுக்கவில்லை. அறிவிப்பு உண்டு, ஆள் இல்லை. பறவைகளுக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்த ஆடுபான் சங்கத்தார் தங்கள் பையிலிருந்து கொடுத்த சம்பளம்தான் அந்த மாதம் ஒரு டாலர். குரோகல் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். படகு வருவது தெரிந்தால் போதும், தன் படகை எடுத்துக்கொண்டு போய்த் தீவுக்கு முன்னால் நிற்பார்.

இது பெருமைப்பட வேண்டிய கதையா, வெட்கப்பட வேண்டிய கதையா?

குரோகல் பக்கத்தில் நின்று பார்த்தால் பெருமை. அரசாங்கத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் வெட்கம். ஒரு மனுஷனுக்குப் பறவைகள் மேல் பிரியம் இருக்கிறது என்பதற்காக, ஒரு பெரிய தேசம் தன் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனது. இரண்டும் ஒரே கதைதான்.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று அமெரிக்காவில் 570-க்கும் அதிகமான தேசிய வனவிலங்கு சரணாலயங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றைச் சுற்றி 'நண்பர்கள் குழு' என்று ஒன்று இருக்கிறது. அக்கம்பக்கத்து ஜனங்கள்தான். ரிட்டயரான வாத்தியார், கடைக்காரர், இல்லத்தரசி, காலேஜ் பையன். பறவை எண்ணுவார்கள், பாதையைச் செப்பனிடுவார்கள், களை பிடுங்குவார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். சம்பளம் கிடையாது. இவர்களுக்கு உதவ, 1984-ல் நாடாளுமன்றம் உருவாக்கிய தேசிய மீன், வனவிலங்கு அறக்கட்டளை சின்னச் சின்ன மானியங்கள் கொடுத்து வந்திருக்கிறது. 1,500 டாலரிலிருந்து 5,000 டாலர் வரை. ஒரு நாட்டின் பட்ஜெட்டில் இதெல்லாம் கடுகு. ஆனால், துண்டுப் பிரசுரம் அடிக்க, மண்வெட்டி வாங்க, பத்துப் பிள்ளைகளுக்கு பைனாகுலர் வாங்க, புதிதாகக் குழு ஆரம்பிக்க... கடுகும் வேண்டித்தானே இருக்கிறது?

''அன்புக்குச் செய்யறவங்களுக்கு எதுக்கு சார் காசு? காசு வந்தா அன்பு போயிடுமே!'' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள்.

1993-ல் சுவிட்சர்லாந்தில், அணுக்கழிவைப் புதைக்க உத்தேசித்திருந்த ஊர் மக்களிடம், ''உங்கள் ஊரில் வைக்கலாமா?'' என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் கேட்டார்கள். பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் சரி என்றார்கள். யாராவது ஒருவர் சுமந்துதானே ஆகவேண்டும் என்ற பொறுப்பு. பிறகு, ''வருஷா வருஷம் பணம் தருகிறோம்'' என்று சேர்த்துக் கேட்டுப் பார்த்தார்கள். சம்மதம் கூடியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பாதியாகக் குறைந்தது. நாலில் ஒருவர்தான் சரி என்றார். கடமையாக இருந்தவரை தோள் கொடுத்தவர்கள், அது பேரம் ஆனதும் விலகிக்கொண்டார்கள்.

ஆக, பயம் பொய்யில்லை. ஆனால், ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கூலி வேறு, கருவி வேறு. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாற வருகிற பக்கத்து வீட்டுக்காரர் கையில் நூறு ரூபாயைத் திணித்தால் அவர் முகம் சுருங்கிப் போகும். கரண்டியைக் கொடுத்தால்? வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். நூறு ரூபாய் அவருடைய பிரியத்துக்கு விலை வைக்கிறது. கரண்டி அந்தப் பிரியத்துக்கு வேலை கொடுக்கிறது. நல்ல மானியம் என்பது கரண்டி.

கரண்டி கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? தொண்டர் தன் கைக்காசைப் போடுவார். பெட்ரோல், தபால், போட்டோகாப்பி, டீ. ஒரு மாதம் போடலாம், ஒரு வருஷம் போடலாம். பிறகு யார் மிஞ்சுவார்கள்? கையில் காசு இருப்பவர்கள் மட்டும். பறவை மேல் உயிரையே வைத்திருக்கிற ஏழைப் பையன் சத்தம் போடாமல் நின்றுவிடுவான். கேட்டால், ''நேரமில்லைங்க'' என்பான். சேவை வசதியானவர்களின் பொழுதுபோக்காகச் சுருங்கிப் போவது இப்படித்தான். 'தொண்டுக்குக் காசு எதற்கு?' என்கிற உயர்ந்த கேள்வி, தொண்டு செய்யும் உரிமையை எளியவர்களிடமிருந்து பறித்துவிடுகிறது.

சரி, இன்னொரு பக்கமும் இருக்கிறது. தெற்கு ஃபுளோரிடாவில் கய் பிராட்லி என்று ஒரு காவலர் இருந்தார். பறவையியல் சங்கம் மாதம் 35 டாலர் கொடுத்து அவரை வைத்திருந்தது. 1905 ஜூலை 8 அன்று, கொக்கு சுட வந்தவர்களைத் தனியாகப் போய்த் தட்டிக் கேட்டார். சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சுட்டவர்மீது வழக்கு விசாரணைகூட நடக்கவில்லை. துப்பாக்கிக்கு எதிரில் நிற்கிற வேலையை ஒரு சங்கத்தின் சந்தாப் பணத்தை நம்பி விட்டதன் விலை ஓர் உயிர். சில வேலைகள் அரசாங்கத்தின் வேலைகள்தான். அவற்றுக்கு ஆள், சம்பளம், அதிகாரம், பின்பலம் எல்லாம் வேண்டும். இன்றும் அங்கே எல்லா சரணாலயத்திலும் ஊழியர் இல்லை. பல சரணாலயங்களைச் சேர்த்து ஒரே அலுவலகம் பார்த்துக்கொள்கிறது. அந்த இடைவெளியை 5,000 டாலரும் நாலு தொண்டர்களும் அடைத்துவிடுவார்கள் என்று ஓர் அரசாங்கம் நினைத்தால், அது தொண்டர்களை மதிப்பதாகாது, பயன்படுத்திக்கொள்வதாகும்.

''அப்படின்னா எல்லாத்தையும் அரசாங்கமே பாத்துக்கட்டுமே, தொண்டர் எதுக்கு?'' என்றால், பெலிக்கன் தீவே பதில் சொல்கிறது.

1918-ல் அந்தத் தீவில் நானூறுக்கும் அதிகமான கூழைக்கடாக் குஞ்சுகளை யாரோ அடித்தே கொன்றார்கள். இந்தத் தடவை இறகு காரணமில்லை. கூழைக்கடாக்கள் எங்கள் மீனைத் தின்கின்றன, எங்கள் பிழைப்பு போகிறது என்று மீனவர்கள் கோபத்தில் இருந்த நேரம். அப்போது தீவுக்குச் சட்டம் இருந்தது, காவலரும் இருந்தார். போதவில்லை. பிறகு ஆடுபான் சங்கத்தார்தான் அந்தப் பறவைகள் என்ன சாப்பிடுகின்றன என்று விசாரித்து, மனிதர்கள் விற்றுச் சாப்பிடுகிற மீன்கள் அவற்றின் இரையில் கொஞ்சம்தான் என்று எடுத்துக்காட்டினார்கள்.

ஆயிரம் காவலர் இருந்தாலும், சுற்றியிருக்கும் ஊர் விரோதமாக இருந்தால் ஒரு ராத்திரி போதும். காவலை அரசாங்கம் சம்பளம் கொடுத்து வாங்கலாம். அக்கம்பக்கத்தாரின் மனசை வாங்க முடியாது. அது பேசிப் பேசி, காட்டிக் காட்டி, பிள்ளைகள் வழியாக மெள்ள மெள்ள வருவது. அந்த வேலையை அந்த ஊர்க்காரர்தான் செய்ய முடியும். சின்ன மானியம் அதற்குத்தான்.

அதே பெலிக்கன் தீவு பின்னாளில் அலை அரித்து அரித்துப் பாதிக்கும் மேல் கரைந்து போனது. சுமார் கால் நூற்றாண்டுக்கு முன்பு சிப்பி ஓடுகளைக் கொண்டுவந்து கரையில் கொட்டி, புல்லும் கண்டல் செடியும் நட்டு அதை மீட்க ஆரம்பித்தார்கள். பெரிய செலவு அரசாங்கத்துடையது. கூடவே தொண்டர்களின் கைகளும் இருந்தன. இரண்டில் எது இல்லாமலும் தீவு இல்லை.

பறவைக்கு மட்டுமில்லை இது. உங்கள் தெரு நூலகமோ, ரத்ததானக் குழுவோ, ஏரி தூர்வாருகிற இளைஞர்களோ நாளைக்கே ஒரு ரசீதுப் புத்தகத்தோடு உங்கள் வாசலுக்கு வரலாம். ''சேவை செய்யறவங்க காசு கேக்கலாமா?'' என்று முகம் சுளிக்காதீர்கள். அதற்குப் பதில் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் காசு இவர்கள் கையில் இல்லாத கருவியைக் கொடுக்கிறதா? இந்தக் காசு, கடமை உள்ள யாரோ ஒருவர் தப்பித்துக்கொள்ள வழி செய்கிறதா?

முதல் கேள்விக்கு 'ஆமாம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், தயங்காமல் கொடுங்கள். கணக்கும் கேளுங்கள், தப்பில்லை. கணக்குச் சொல்ல வைப்பதும் ஒரு மரியாதைதான். இரண்டாவதற்கும் 'ஆமாம்' என்று வந்தால், அப்போதும் கொடுங்கள். கூடவே, கடமை தவறியவருக்கு ஒரு கடிதமும் எழுதிப் போடுங்கள். குரோகலுக்கு அந்த ஒரு டாலரைக் கொடுத்தவர்கள் செய்தது சரிதான். அந்த ஒரு டாலரே போதும் என்று ஊர் நினைத்திருந்தால்தான் தப்பு.