தேர்ந்த துன்பமும் நேர்ந்த துன்பமும்

ஒருவன் தானே விரும்பி ஏற்றுக்கொள்ளும் துன்பம் அறமாகுமா? ஆகுமெனின், அதே துன்பத்தை வேறு வழியின்றிச் சுமப்பவனை யாதென்று சொல்லுவது? இவ்வினா மிகப் பழமையானது. ஆயினும், இதற்கு விடை காண ஏடுகளைப் புரட்டி அலைய வேண்டுவதில்லை. நம் நாட்டுப் பெருநகரங்களின் சாலைகளிலே நாள்தோறும் காலை வேளையில் இவ்வினா நம் கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கின்றது.

பெங்களூர் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் இடையே 15 கிலோமீட்டர் தொலைவுள்ள ஒருவர், இதுகாறும் மோட்டார் சைக்கிளில் சென்றவர், இனி மிதிவண்டியிலேயே செல்வதென்று உறுதி கொள்கிறார். உடல்நலம் ஒரு காரணம், சிக்கனம் மற்றொன்று, நகரத்துக் காற்றில் தம் பங்குப் புகையைக் குறைக்கலாமே என்னும் நல்லெண்ணமும் உண்டு. அதே சாலையில், அதே வேளையில், கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனார் ஒருவரும், இரவுக் காவல் முடித்து வீடு திரும்பும் காவலாளர் ஒருவரும் மிதிவண்டியை மிதித்துச் செல்கின்றனர். மூவர்க்கும் தொலைவு ஒன்று, வெயில் ஒன்று, முன்செல்லும் லாரி உமிழும் கரும்புகையும் ஒன்று. ஆனால் முதல்வரை அலுவலகம் பாராட்டுகின்றது, நண்பர் வியக்கின்றனர். ஏனைய இருவரை எவரும் நோக்குவதில்லை. இஃது ஏன்?

முதற்கண், விரும்பி ஏற்றவரின் முயற்சியை நடுவுநிலையோடு ஆராய்வோம். அஃது எளிதன்று. முதல் நாளின் ஊக்கம் மூன்றாம் நாளில் தொடைவலியாக மாறுகின்றது. சீட்டின் உயரம் குறைவாயிருப்பின் முழங்கால் நோகும். பெடல் அடியிலே நிற்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருத்தல் வேண்டும் என்பதைப் பலர் வலி கண்ட பின்னரே அறிகின்றனர். டயரில் காற்றுக் குறைந்தால் ஒவ்வொரு மேடும் மலையாகிவிடும். பெங்களூரோ ஏற்ற இறக்கம் மிகுந்த ஊர்.

இவற்றினும் பெரிய பகை அவசரம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அத்தொலைவைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். 20 கிலோமீட்டராக வேகத்தைக் கூட்டினால் 45 நிமிடத்தில் சென்று சேரலாம். ஆனால் காற்றின் தடையை வெல்லுதற்கு நொடிதோறும் செலவிடும் ஆற்றல் அப்போது ஏறக்குறைய 2.4 மடங்காகிவிடுகின்றது; வேகம் கூடுந்தோறும் அவ்வாற்றல் அதன் மும்மடிக் கணக்கிலே பெருகுவது இயற்கை விதி. கால் மணி நேரத்தை மிச்சப்படுத்த விரும்பியவர், வியர்வையில் நனைந்து, களைத்து, இரண்டு வாரத்தில் மோட்டார் சைக்கிளுக்கே திரும்புகிறார். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் சென்று, வேகத்தை அடக்கி, உடம்பைச் சில வாரங்களிற் பழக்கியவரோ நிலைத்து நிற்கிறார். தன்னை வாட்டும் கடுந்தவத்தைப் புத்தர் பெருமான் பயனற்றதென்று கைவிட்டதை இங்கே நினைவு கூரலாம். வருத்தத்தின் மிகுதி முயற்சியின் சிறப்புக்கு அளவுகோல் ஆகாது.

எனவே, நிதானத்தையும் விடாமுயற்சியையும் இம்மனிதர் பயில்கிறார் என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது வேறு. இந்தப் பயிற்சியைத் தியாகம் என்றும், தொண்டு என்றும், முன்மாதிரி என்றும் அழைக்கலாமா என்பதே கேள்வி.

2011ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்போது, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற வேலைகளில் உள்ளோர் வேலைக்கு எவ்வாறு செல்கின்றனர் என்று கேட்கப்பட்டது. நூற்றுக்குச் சுமார் 13 பேர் மிதிவண்டியில் சென்றனர். ஏறத்தாழ 23 பேர் நடந்தே சென்றனர். காரில் சென்றோர் 3 பேருக்கும் குறைவு. மிதிவண்டியில் சென்றோர் தொகை இரண்டரைக் கோடிக்கு மேல். இவர்களுட் பெரும்பாலோர் உடற்பயிற்சியின் பொருட்டோ, காற்றின் தூய்மை கருதியோ மிதித்தவர் அல்லர். பஸ் கட்டணம் கூலியிற் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்பதாலும், விடியலிலும் நள்ளிரவிலும் பஸ் இல்லை என்பதாலும், வேலையிடத்திற்கு அருகே குடியிருக்க வாடகை கொடுக்க இயலாது என்பதாலும் மிதித்தவரே மிகுதி.

இவர்களது துன்பத்தைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டு நாம் செய்யும் பிழையும் ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், ஊரடங்கின் நடுவே, பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, அடிபட்டு நடக்கவியலாத தன் தந்தையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, டில்லியை அடுத்த குர்கானிலிருந்து பீகாரின் தர்பங்கா வரை ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்றாள். அவள் வலிமையை நாடே புகழ்ந்தது. சைக்கிள் பந்தயப் பயிற்சிக்கும் அழைப்பு வந்தது. அவளது அன்பும் துணிவும் புகழ்தற்குரியனவே. ஆனால், ஒரு குழந்தை அத்துணைத் தொலைவு மிதிக்க நேர்ந்தது ஏன் என்னும் கேள்வி அப்புகழொலியில் அமிழ்ந்து போயிற்று. புகழ்ச்சி சில வேளைகளில் நம் கடனைத் தீர்த்துவிட்டதாக நம்மையே ஏமாற்றும் போலி ரசீது ஆகிவிடுகின்றது.

இதற்கு மாறான காட்சியும் அதே பீகாரில் உண்டு. பள்ளி தொலைவில் இருந்தமையால் படிப்பை நிறுத்திய சிறுமியர் அங்கே ஏராளம். நெடுந்தொலைவு நடந்து படித்த சிலரின் மனவுறுதியை மேடையேற்றிப் பாராட்டுவதோடு அவ்வரசு நின்றிருக்கலாம். அவ்வாறன்றி, 2006ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பிற் சேரும் சிறுமியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கத் தொடங்கிற்று. உயர்நிலைப் பள்ளியிற் சேரும் சிறுமியர் தொகை உயர்ந்தது. பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிற்றூர்களில் அவ்வுயர்வு மிகுதியாயிருந்தது என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். துன்பத்தைப் போற்றுவதற்கும் துன்பத்தைக் குறைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஈண்டு ஒருவர் மறுக்கலாம்: “நான் என் உடல்நலத்திற்காக மிதிக்கிறேன், உலகைத் திருத்தும் பொறுப்பு எனக்கு எதற்கு?” என்று. நன்று. உடல்நலத்தை உடல்நலம் என்றே அவர் அழைப்பாராயின் எவர்க்கும் குறை இல்லை. ஆயினும் ஒன்று உண்டு. பஸ் ஒன்று உரசிச் செல்ல, சாலையோரச் சாக்கடைக்குள் ஒதுங்கிய மனிதர், அதற்கு முன்பு அறியாத ஒன்றை அறிந்துவிட்டார். நம் சாலைகள் யாருக்காக அமைக்கப்பட்டன, யாரை மறந்து அமைக்கப்பட்டன என்பதை அவர் உடம்பே அறிந்துகொண்டது. அறியாதவனுக்கு இல்லாத கடமை அறிந்தவனுக்கு உண்டு. மேலும், அவர் நகராட்சிக்கு எழுதும் மடலைப் படிப்பார் உளர். கொத்தனாருக்கோ எழுதவும் பொழுதில்லை, எழுதினும் கேட்பாரில்லை. விரும்பி ஏற்றவரிடத்தில் குரல் இருக்கின்றது. வேண்டாமென்று எந்நாளும் விட்டுவிடும் உரிமையும் இருக்கின்றது. இவ்விரண்டும் இல்லாதவர்க்கு அவர் கடன்பட்டவர் ஆகிறார்.

கல்கத்தா நகரில் 2013ஆம் ஆண்டில் 174 சாலைகளில் மிதிவண்டி செல்லலாகாதென்று காவல்துறை தடைவிதித்தது. பால் கொண்டு செல்வோரும், செய்தித்தாள் போடுவோரும், சிறு வேலைக்காரருமே அதனால் இடருற்றனர். பலர் எதிர்த்துப் பேசிய பின்னர்த் தடை 62 சாலைகளாகக் குறைந்தது. குரல் உடையோர் குரல் இல்லாதோர்க்காகப் பேசினால் பயன் விளையும் என்பதற்கு இது சான்று.

அக்கடனைத் தீர்க்கும் வழிகள் பெரியன அல்ல. அலுவலகத்தில் அதிகாரியின் மிதிவண்டிக்குக் கூரையுள்ள இடமும், கூட்டித் துடைப்பவரின் மிதிவண்டிக்கு வாயிலுக்கு வெளியே விளக்குக் கம்பமும் என்றிருந்தால், அவ்வேற்றத்தாழ்வை நீக்குமாறு கேட்கலாம். குளித்து உடைமாற்றும் அறை ஒருவர்க்கு வேண்டுமெனில், மற்றவர்க்கும் வேண்டும். 2020ஆம் ஆண்டில் பெங்களூரின் வெளிவட்டச் சாலையில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை அமைக்கத் தொடங்கினர். கணினி நிறுவனங்கள் நிறைந்த சாலை அது. அத்தகைய பாதை தொழிற்பேட்டைகளுக்கும் கூலியாட்கள் வாழும் பகுதிகளுக்கும் வேண்டுமென்று முதலில் கேட்கவேண்டியவர் விரும்பி மிதிப்பவரே. எந்தத் திருப்பத்தில் பள்ளம், எந்தத் தெருவில் இரவு விளக்கில்லை என்பதெல்லாம் பல்லாண்டு மிதித்த காவலாளருக்குத் தெரியும். அவரிடம் கேட்டறிவதே இம்முயற்சியின் முதற்பாடமாதல் வேண்டும்.

இவ்விடத்தில் நாம் மிகைபடச் சொல்லலாகாது. நேர்ந்த துன்பத்தைச் சுமப்பவனிடத்து அறம் இல்லையென்பதன்று. மகளின் பள்ளிச் சம்பளத்திற்காகப் பஸ் செலவை மிச்சப்படுத்தி மிதிக்கும் தந்தையின் உள்ளத்தில், எந்தப் பாராட்டும் எட்டாத அறம் வாழ்கின்றது. அவரை இரக்கத்திற்குரிய பொருளாக மட்டும் காண்பது அவரை இழிவுபடுத்துவதேயாகும். அவ்வாறே, அவர் பணம் சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்க விரும்பினால், “மிதிவண்டியே சிறந்தது” என்று அவருக்கு உபதேசம் செய்யவும் நமக்கு உரிமை இல்லை. விட்டுவிட முடிந்தவனுக்கே ஏற்றுக்கொள்ளுதல் பெருமை தரும். அவர்க்கும் விட்டுவிடும் வாய்ப்பு வரட்டும். பின்பு அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

ஆதலின், நெடுந்தொலைவு மிதிவண்டியிற் செல்லத் தொடங்கும் அன்பர்க்கு நாம் சொல்லுவது இவ்வளவே: நிதானமாகத் தொடங்குக, டயரில் காற்றும் இரவில் விளக்கும் மறவற்க, உம் முயற்சியை முயற்சி என்றே அழைக்க. சிவப்பு விளக்கில் உம் அருகே வந்து நிற்கும் பழைய மிதிவண்டியை மிதிப்பவர் உமக்கு முன்பே இப்பாதையில் வந்தவர். நீர் விரும்பினால் நாளையே நின்றுவிடலாம். அவர் நாளையும் மிதித்தாக வேண்டும். அவருக்கு ஒதுங்க ஒரு பாதையும், வண்டி நிறுத்த ஒரு நிழலும் கிடைக்கும்வரை, உமது துன்பம் உமக்கு நலம் தரும் பயிற்சியேயன்றி, பிறர்க்குப் பயன்தரும் அறம் ஆகாது.