பத்தாத பாலும் அடுத்த பிள்ளையும்

“முதல் பிள்ளைக்கே பால் பத்தலை, இதுக்கு மட்டும் எங்கேயிருந்து வரப்போகுது?” இரண்டாவது பிரசவம் நெருங்குகிற பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். மறுபடியும் ஏமாறக் கூடாது என்று கர்ப்பிணியே தனக்குச் சொல்லிக்கொள்வதும் உண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையில் பழந்துணி, துண்டு, பிளாஸ்க்கோடு ஒரு பவுடர் பால் டின்னும் புட்டியும் ஏறிவிடுகின்றன. பிள்ளை பிறக்கும் முன்பே தீர்ப்பு எழுதியாயிற்று. அது அவசரத் தீர்ப்பு என்பது என் கட்சி. முதல் தடவை என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. நடந்ததை அந்தப் பெண்ணின் உடம்புக்கு உரிய குணமாகவே பதிவு செய்துவிடுகிறோம்.

2001-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். 22 தாய்மார்களுக்கு முதல் பிள்ளையின்போது சுரந்த பாலையும் இரண்டாம் பிள்ளையின்போது சுரந்த பாலையும் அளந்து ஒப்பிட்டார்கள். பிரசவித்த முதல் வாரத்தில், இரண்டாவது முறை சராசரியாக 31 சதவீதம் அதிகம் சுரந்திருந்தது. முதல் தடவை யாருக்கு மிகக் குறைவோ, அவர்களுக்குத்தான் உயர்வும் மிக அதிகம். ஏறத்தாழ 90 சதவீதம். 22 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான். புள்ளியியல் தெரிந்தவர் இன்னொரு கேள்வியும் கேட்பார்: முதல் தடவை மிக மோசமாக அமைந்தவர்களுக்கு அடுத்த தடவை எப்படியும் கொஞ்சம் மேலாகத்தானே அமையும், அது வெறும் கணக்கின் இயல்பு இல்லையா? நியாயமான கேள்வி. ஆனால் அதை ஒப்புக்கொண்டாலும் என் கட்சிக்குத்தான் பலம். முதல் தடவைக் குறைவில் ஒரு பங்கு உடம்பின் வேலை அல்ல, சந்தர்ப்பத்தின் வேலை என்று அந்தக் கணக்கே சொல்கிறது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் 2015-இல் எலிகளை ஆராய்ந்தபோது, ஒரு கர்ப்பத்தைக் கடந்த பால்சுரப்பி அதன் தடயத்தைத் தன் உயிரணுக்களில் வைத்திருந்து, அடுத்த கர்ப்பத்தில் சீக்கிரமே வேலையைத் தொடங்குவது தெரிந்தது. எலிக்கு உள்ளது மனுஷிக்கும் அப்படியே இருக்கும் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் தலைப்பிரசவக்காரிக்குப் பால் இறங்கத் தாமதமாவதும், மறுபிரசவக்காரிக்கு முன்கூட்டியே இறங்குவதும் பிரசவ வார்டில் வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிய செய்தி.

அந்த முதல் சில நாட்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சரிகிறது. அதன் பிறகே பால் பெருகத் தொடங்குகிறது. பெரும்பாலோருக்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மார்பு கனக்கிறது. சிசேரியன், சர்க்கரை நோய், அதிக உடல் எடை, தலைப்பிரசவம் ஆகியவை இதைத் தள்ளிப்போடக் கூடியவை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். ஆக, தையலோடு படுத்திருக்கும் ஒரு தலைப்பிரசவக்காரிக்கு மூன்றாம் நாள் வரை சீம்பால் மட்டுமே சொட்டுச்சொட்டாக வருவதில் அதிசயம் இல்லை. பிறந்த அன்று பிள்ளைக்கு ஒரு வேளைக்குச் சில மில்லியே போதும். ஆனால் இரண்டாம் நாள் இரவு பிள்ளை விடாமல் அழுகிறது. பக்கத்துக் கட்டிலில் இருந்தோ சொந்தத்தில் இருந்தோ ஒரு குரல், “பால் இறங்கலைபோல, பிள்ளை பட்டினி கிடக்குது” என்கிறது. முப்பது மில்லி பவுடர் பால் உள்ளே போகிறது. பிள்ளை மூன்று நான்கு மணி நேரம் அசந்து தூங்குகிறது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த மூன்று நான்கு மணி நேரம் மார்பை யாரும் சப்பவில்லை. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை உறிஞ்சப்பட வேண்டியது நாலைந்தாகக் குறைகிறது. தேவை இல்லை என்று உடம்பு புரிந்துகொண்டு உற்பத்தியைக் குறைக்கிறது. இறைக்கிற கிணறுதான் ஊறும் என்ற கணக்கு இங்கே அட்சரம் பிசகாமல் நடக்கிறது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பால் உண்மையிலேயே குறைவுதான். பத்தாமை காரணமாக வந்த புட்டியா, புட்டியால் வந்த பத்தாமையா என்பதை அப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பல வீடுகளில் ‘பத்தவில்லை’ என்பதே அளந்து சொன்னதல்ல. சாயங்காலம் அழுகிறது, மார்பு தொட்டால் மெத்தென்று இருக்கிறது, பம்ப் வைத்தால் அடியில் கொஞ்சம்தான் நிற்கிறது: இவைதான் சாட்சிகள். மூன்றும் நம்பத்தக்கவை அல்ல. நல்ல சாட்சி பிள்ளையிடம்தான் இருக்கிறது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பத் தொட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். எனவே இரண்டாவது பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண் ஏழாம் மாதத்திலேயே பழைய கதையைத் தோண்டுவது நல்லது. பிறந்து எத்தனை மணி நேரம் கழித்து மார்பில் போட்டார்கள், பிள்ளை வேறு அறையில் இருந்ததா, காம்பு வெடித்து வலித்ததா, முதல் மாத எடை அட்டையில் என்ன இருக்கிறது என்று பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் கேட்கலாம்.

ஊற்றுக்கண்ணே சிறுத்த கிணறும் உண்டே என்பீர்கள். உண்டு. சிலருக்குச் சுரப்பித் திசுவே போதிய அளவு வளர்ந்திருக்காது. தைராய்டு குறை, மார்பில் செய்த அறுவை, நஞ்சுக்கொடியின் துணுக்கு உள்ளே தங்கியது, பிரசவத்தில் ரத்தம் ஏராளமாகப் போனது என்று காரணங்கள் பல. சில மருந்தில் தீரும், சில தீராது. இவர்களிடம் போய் ‘மனசு வைத்தால் பால் வரும்’ என்று சொல்வது கொடுமை. பிள்ளைக்கும் ஆபத்து. பிறந்த எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கிய சிசுவுக்கு உடனே கூடுதல் பால் தேவைப்படலாம். வைராக்கியத்துக்காக அதை மறுத்தால் நீர் வற்றி உயிருக்கே உலை வைக்கும். நான் சொல்வது வைராக்கியத்தை அல்ல, கண்காணிப்போடு கூடிய முயற்சியை. பாதி பால் வந்தாலும் அது தாய்ப்பால்தான். மீதியைப் புட்டி ஈடுகட்டட்டும். முழுசாக வேண்டும், இல்லையேல் ஒன்றுமே வேண்டாம் என்ற கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

மூத்தது பவுடர் பாலில் கொழுகொழுவென்று வளர்ந்ததே, அப்புறம் எதற்கு இந்தப் பாடு என்ற கேள்வியும் நேர்மையானது. பல பிள்ளைகள் அப்படி நன்றாகவே வளர்கிறார்கள். கொதித்து ஆறிய தண்ணீரும் சுத்தமான புட்டியும் வாய்த்த வீடுகளில் கவலை குறைவு. ஆயினும் வயிற்றுப்போக்கு, நெஞ்சுச்சளி போன்ற தொற்றுகள் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குக் குறைவு என்பதில் மருத்துவத்தில் தகராறு இல்லை. தவிர, கொடுத்தே ஆக வேண்டும் என்று நான் யாரையும் நெருக்கவில்லை. வேண்டாம் என்று முடிவெடுப்பவளுக்கு அது அவள் உரிமை. கொடுக்க ஆசைப்படுகிறவளிடம் ‘உனக்கு வராது’ என்று முன்கூட்டியே கதவைச் சாத்துவதுதான் தப்பு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தாய்ப்பால் வாரம் வந்தால் தாய்ப்பாலைப் பாசத்தின் அளவுகோலாக்கிச் சுவரொட்டி ஒட்டுகிறார்களே, அதுவும் இதே தப்பின் மறுபக்கம்.

பூண்டுக் குழம்பும் வெந்தயமும் பால்சுறாப் புட்டும் வரட்டும். பிள்ளை பெற்றவளுக்கு நல்ல சாப்பாடு வேண்டியதுதான். அவை பாலைப் பெருக்கும் என்பதற்குச் சான்று மெலிது என்பதையும் மறைக்க வேண்டாம். இரண்டாவது பிரசவத்தில் அவளுக்கு நிஜமாகத் தட்டுப்பாடாக இருப்பது நேரம். மூன்று வயது மூத்தது மடியில் ஏறும், சமையல் காத்திருக்கும். 2017 மகப்பேறு சட்டத் திருத்தம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவளுக்கு அது எட்டாது. ஆகவே கணவருக்கும் மாமியாருக்கும் அம்மாவுக்கும் ஒரு வேண்டுகோள்: முதல் இரண்டு வாரம் மூத்த பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அடுப்படியைப் பார்த்துக்கொள்ளுங்கள், டின்னைத் திறக்கும் முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் எடை போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குக் காசு கிடையாது.